மே ஐந்தாம் தேதி இரண்டு தட்டு

காவலூரில் நட்சத்திரம் ஆராய வருகிறவர்கள் தங்கும் விடுதியில் நான் சமையல்காரன். ஒரு கோடையில் மெக்சிகோ நாட்டுக்காரர் ஒருவர் வந்து தனியாகத் தங்கினார். நரைத்த மீசை, பெரிய கைகள். நான் எவ்வளவு தடுத்தாலும் சாப்பிட்ட தட்டை அவரே கழுவி வைப்பார்.

மே ஐந்தாம் தேதி மதியம் சலவைச் சட்டை போட்டுக்கொண்டு வந்து, மேசையில் இரண்டு தட்டு வைத்தார்.

"இன்னா சார், விசேஷமா?" என்றேன்.

அவர் தன் மொழியில் பேச, அவருடைய போன் அதைத் தமிழில் சொன்னது: "பியூப்லா என்ற ஊரில் பிரெஞ்சுப் படையை நாங்கள் வென்ற நாள் இது. எங்கள் ஆட்கள் குறைவு. துப்பாக்கிகளும் பழையவை."

"அத்தோட ஓடிட்டாங்களா சார்?"

"இல்லை. மறு வருடம் திரும்பி வந்து ஊரைப் பிடித்துக்கொண்டார்கள்." அவர் சிரித்தார். "ஆனாலும் அன்று வென்றோம். இதைத் தனியாகக் கொண்டாட முடியாது. உட்காருங்கள்."

விருந்தாளி சாப்பிட்டு எழுந்த பிறகுதான் நாங்கள் சாப்பிடுவோம். எனக்குக் கூச்சம் வேறு. "நீங்க சாப்டுங்க சார், நான் அப்பறமா சாப்பிட்றேன்" என்று சுவரோரம் நின்றுவிட்டேன்.

எதிர்த் தட்டைப் பார்த்தபடியே அவர் சாமைச் சோறு சாப்பிட்டார். பிறகு வழக்கம்போலத் தன் தட்டைக் கழுவினார். சோறே படாத அந்தத் தட்டையும் எடுத்துக் கழுவி வைத்தார்.