ஏரிக்கரை வரைக்கும் வெளிச்சம்

எங்கள் கம்பெனிக்குள் சூரியனுக்கு கேட் பாஸ் கிடையாது. ஆந்திர எல்லைத் தொழிற்பேட்டையான ஸ்ரீசிட்டியில் நான் வேலை செய்யும் ஹாலில் ஜன்னலே இல்லை. வெள்ளை டியூப் லைட்டுக்குக் கீழே உட்கார்ந்து, நாள் பூராவும் பிளாஸ்டிக் மூடிகளில் கீறல் இருக்கிறதா என்று பார்ப்பது என் வேலை. வெளியே மழை பெய்கிறதா என்பது கேன்டீனுக்குள் வருகிறவர்களின் தலையைப் பார்த்தால்தான் தெரியும். அதனால் எனக்கும் சூரியனுக்கும் பல வருஷங்களாகப் பேச்சுவார்த்தை அதிகம் இருந்ததில்லை. போன கார்த்திகையில்தான் அது எத்தனை மணிக்குப் போகிறது, ஏன் இவ்வளவு அவசரமாகப் போகிறது என்று கட்டின புருஷனை விசாரிப்பது மாதிரி விசாரிக்க ஆரம்பித்தேன்.

காரணமும் கட்டின புருஷன்தான்.

சத்தியவேட்டுக்குப் பக்கத்தில், மெயின் ரோட்டிலிருந்து உள்ளே தள்ளி இருக்கிறது எங்கள் ஊர். கம்பெனி பஸ் கூட்ரோட்டுச் சந்திப்பில் இறக்கிவிட்டுப் போய்விடும். அங்கிருந்து ஊருக்குள் ஆட்டோ வராது. நடக்கலாம் என்றால் ஏரிக்கரையில் பாம்பு. ஆகவே அவர் மொபெட்டோடு வந்து காத்திருப்பார். அவர் லாரி டிரைவராக இருந்தவர். விஜயவாடா, நாக்பூர் என்று பாதி ஆயுளை ரோட்டில் கழித்துவிட்டு, முதுகுவலி என்று சொல்லி வீட்டுக்கு வந்து சேர்ந்தார். லாரிதான் போனது, டிரைவர் போகவில்லை. மொபெட்டைக் கிளப்பும் முன்பு இன்றைக்கும் இரண்டு டயரையும் காலால் ஒரு உதை உதைத்துப் பார்ப்பார். நான் ஏறி உட்கார்ந்ததும், "லோடு ஏறிச்சா?" என்பார். ஏறிச்சு என்று சொன்னால்தான் வண்டி நகரும்.

கார்த்திகையில் ஒரு நாள் சாயங்காலம், ஊர் முனையில் யாரோ மஞ்சள் நீராட்டு விழாவுக்கு பேனர் வைத்திருந்தார்கள். அதில் பெண்ணின் தாய்மாமன் ஆளுயரத்துக்குக் கைகூப்பி நின்றுகொண்டிருந்தார். இவர் வண்டியை நிறுத்தினார். ஹேண்டில்பாரிலிருந்து ஒரு கையை எடுத்து மரியாதையாகப் பதில் வணக்கம் வைத்தார்.

"இன்னாமே, யாரு அது? தெரிஞ்ச ஆளு மாதிரி கீறாரு."

"பேனரு மாமா."

"தெரியும். போட்டோ எப்டி எட்த்துக்கீறாங்கன்னு பாத்தேன்" என்றார்.

அதற்கப்புறம் கவனித்துப் பார்த்தேன். பகலில் ஒரு குறையும் இல்லை; கொல்லையில் அணில் மல்லாட்டைக் கடலையை எடுத்துக்கொண்டு ஓடினால் இங்கிருந்தே திட்டுவார். வெளிச்சம் மங்கியதும்தான் கண்ணில் திரை விழுகிறது. எதிரே ஒரு ஹெட்லைட் வந்துவிட்டால் போச்சு, ரோடு எங்கே, ஏரி எங்கே என்பது அவர் கணக்கில் ஒன்றுதான். எங்கள் ஏரிக்கரை ரோடோ, ஒரு வண்டி போகிற அகலம். கைப்பிடிச் சுவர் கட்டப்போவதாக ஊர்க் கூட்டத்தில் சொன்னதோடு சரி.

"கண்ண ஒரு வாட்டி டாக்டராண்ட காட்டிட்டு வரலாமா மாமா?" என்று கேட்டுவிட்டேன். அவ்வளவுதான். "லாரி ஓட்னவங்கிட்ட வந்து கண்ணு டெஸ்ட்டு எடுக்கச் சொல்றியா?" என்று தட்டைத் தள்ளிவிட்டு எழுந்தார். அன்றைக்கும் மறுநாளும் என் கையால் சாப்பிடவில்லை. மூன்றாம் நாள் தானே ரசம் வைக்கப் பார்த்து, அதை நானும் சாப்பிட வேண்டியதாகப் போயிற்று. அதற்கப்புறம் நான் கண் என்ற பேச்சை எடுக்கவில்லை.

சாவியை வாங்கி வைத்துக்கொண்டிருக்கலாம் என்பீர்கள். லாரி போய்விட்டது, ஹோட்டல் தோறும் பேர் சொல்லிக் கூப்பிட்ட சிநேகிதமெல்லாம் போய்விட்டது. என்னைக் கூட்ரோட்டிலிருந்து வீட்டுக்குக் கொண்டுவந்து சேர்ப்பது ஒன்றுதான் அவருக்கு மிச்சமிருந்த டிரிப். அதையும் அவர் கையிலிருந்து பிடுங்க எனக்கு மனசு வரவில்லை. ஆனால் ஏரியில் விழவும் எனக்கு இஷ்டமில்லை. எனக்கு நீச்சல் தெரியாது, அவருக்கும் தெரியாது.

ஆகவே பேச ஆரம்பித்தேன். பின்னால் உட்கார்ந்தபடி, ஊர்க்கதை பேசுவது மாதிரி ரோட்டைப் பேசினேன்.

"தலையாரி வூட்டு எருமை இன்னாமா கொழுத்துக்கீது பாத்தியா மாமா! நடு ரோட்ல நின்னுக்கினு, நவுரவே மாட்டேங்குது." வண்டி மெதுவாகும். எருமையைச் சுற்றிக்கொண்டு போவோம்.

"இந்தப் பள்ளத்த ரொப்பறேன்னு சொல்லித்தான ஓட்டு வாங்கினாங்க? இதோ, எடது கைப்பக்கம், அப்படியேதான் கீது." வண்டி வலப்பக்கம் ஒதுங்கும். அந்த ரோட்டில் இருந்த ஒவ்வொரு பள்ளத்துக்கும் ஒரு அரசியல் பேச வேண்டியிருந்தது. அந்தக் கார்த்திகையில் நான் திட்டாத கட்சி இல்லை.

ஏரிக்கரை வளைவு வந்துவிட்டால் குரலை உயர்த்துவேன். "ஏரி இந்த வருசம் ரொம்பி வழியுது மாமா. வலது பக்கம் பாரு, எவ்ளோ கிட்ட வந்துட்ச்சு தண்ணி! இன்னும் கிட்ட. ஐயோ, ரொம்ப அழகா கீது!" என்று அழகை ரசித்தபடியே அவர் சட்டையை இடது பக்கமாக இழுப்பேன். விளக்கில்லாத டிராக்டர் எதிரே வந்தால், "அந்த டிராக்டர்காரன் பொண்ணுக்கு வரன் பாக்கறாங்களாம்" என்று ஒரு கல்யாணத்தையே ஏற்பாடு செய்துவிடுவேன். வீட்டு வாசலில் இறங்கும்போது எட்டு மணி நேரம் மூடி பார்த்த களைப்பை விட இந்தப் பேச்சுக் களைப்பு அதிகமாக இருக்கும்.

மார்கழி நடுவில், பஸ்ஸில் என் பக்கத்து சீட்டில் வரும் பெண்ணிடம் விஷயத்தைச் சொன்னேன். அவள் வேலூர்ப் பக்கத்திலிருந்து வந்து எங்கள் கம்பெனியில் சேர்ந்தவள், சின்ன வயசு. அவள் போனில் தட்டிப் பார்த்துவிட்டு, "அக்கா, நீங்க கவலையே படாதீங்க. காலைலதான் இன்னும் லேட்டாகிக்கினே போகுது. சாயங்காலம் எப்பவோ நீள ஆரம்பிச்சிடுச்சு" என்றாள். நான் போனை வாங்கிப் பார்த்தேன். நிஜந்தான். தினமும் பார்த்துப் பார்த்துப் பயந்த எனக்கே தெரியாமல், சூரியன் திருட்டுத்தனமாகத் தாமதமாகப் போய்க்கொண்டிருந்திருக்கிறது. மறுநாள் மைசூர்பாகு வாங்கிவந்து பஸ் முழுக்கக் கொடுத்தேன். பேரனா பேத்தியா என்று கேட்டார்கள். சாயங்காலம் என்றேன். டிரைவர் இரண்டாவது துண்டு கேட்டு வாங்கிக்கொண்டார்.

அதற்கப்புறம் பஸ்ஸில் மேற்குப் பக்க ஜன்னலோர சீட்டை யாருக்கும் விட்டுக்கொடுக்கவில்லை. பொங்கல் வந்தது. ஊரில் எல்லோரும் விளைச்சலுக்காகச் சூரியனைக் கும்பிட்டார்கள். எனக்கு ஏது விளைச்சல்? நான் இரண்டு கையையும் தூக்கி, "இன்னும் கொஞ்ச நேரம் இருந்துட்டுப் போ சாமி, அவசரமா போயி இன்னா பண்ணப்போற?" என்று விருந்தாளியிடம் சொல்வது மாதிரியே சொன்னேன். பக்கத்து வீட்டம்மா என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தாள்.

சாமி கேட்டுக்கொண்டது. தை பிறந்ததும், கூட்ரோட்டில் இறங்கும்போது அவர் முகம் தெரிந்தது. இரண்டு மாசமாக முகத்தைப் பார்க்காமலே வண்டியில் ஏறிக்கொண்டிருந்திருக்கிறேன் என்பது அப்போதுதான் உறைத்தது. நாள் போகப் போக வெளிச்சம் எங்களோடு கூடவே வர ஆரம்பித்தது. முதலில் சின்னப் பாலம் வரைக்கும் வந்தது. அப்புறம் புளியமரம். பாலம் வரைக்கும் பேச வேண்டாம் என்று ஆனது. அப்புறம் புளியமரம் வரைக்கும். எருமையை விட்டேன். பள்ளங்களை விட்டேன், கட்சிகளையெல்லாம் மன்னித்தேன். தை முடிந்து மாசி பிறந்த ஒரு நாள், ஏரிக்கரை வளைவிலேயே வெளிச்சம் இருந்தது. தண்ணீரெல்லாம் சிவப்பு. மூன்று மாசமாக நான் அழகு அழகு என்று அலறிய ஏரி உண்மையிலேயே அழகாகத்தான் இருந்தது. நான் வாயைத் திறக்கவில்லை. அவர் முதுகில் சாய்ந்து நிம்மதியாகத் தூங்கிவிட்டேன்.

இப்படியே ஒரு வாரம் போயிருக்கும். அவர் முகம் தூக்கிக்கொண்டது. லோடு ஏறிச்சா என்று கேட்பதை நிறுத்தினார். டயரை உதைக்கும் உதையில் கோபம் தெரிந்தது. ஒரு நாள் ஏரிக்கரை நடுவிலேயே வண்டியை நிறுத்தி ஸ்டாண்டு போட்டுவிட்டார்.

"இன்னாமே, எம்மேல கோவமா?"

"இல்லியே மாமா. ஏன்?"

"அப்பறம் ஏன் பேச மாட்டேங்கிற? கார்த்திகைலேர்ந்து வாயி ஓயாம பேசிக்கினு வந்த. இப்ப சிமெண்ட்டு மூட்டய ஏத்திக்கினு போறாப்ல கீது."

கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவர் பாதி நாள் ரோட்டில், நான் பாதி நாள் ஷிப்டில். நாங்கள் தொடர்ந்தாற்போல் பேசிக்கொண்டதே அந்த மூன்று மாசம்தான். அதுவும் எருமையைப் பற்றி.

அவரே தொடர்ந்தார். "எனக்குத் தெரியும்மே. உனக்கு இருட்டுன்னா பயம். பயத்துலதான் பேசிக்கினு வந்த. இப்ப வெளிச்சம் வந்துட்ச்சு, பயம் போய்ட்ச்சு, நானும் வேணாம். அதுக்குத்தான் நான் எவ்ளோ மெதுவா ஓட்டினேன் தெரியுமா?"

சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது. பல்லைக் கடித்துக்கொண்டேன். இரண்டு நாள் பட்டினியும் அந்த ரசமும் ஞாபகம் வந்தன. கூடவே ஒரு யோசனையும் வந்தது.

"ஆமா மாமா" என்றேன். "ரொம்ப பயம். அடுத்த கார்த்திகைய நென்ச்சா இப்பவே கை நடுங்குது. டாக்டரு ஒரு வாட்டி உன் கண்ணப் பாத்து நல்லா கீதுன்னு சொல்லிட்டா, எனக்குப் பயம் தெளிஞ்சிடும்."

அவர் ஏரியைப் பார்த்தபடி ஸ்டாண்டை எடுத்தார். பெரிய மனசு பண்ணுகிறவர் மாதிரி மூச்சுவிட்டார். "உனக்கோசரம்னா வரேன்" என்றார்.

திருப்பதிக்குப் போனோம். பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரர் எங்கே பயணம் என்று கேட்டதற்கு, "எங்க வூட்ல இவங்களுக்கு ஒடம்பு சரியில்ல, ஆஸ்பத்திரிக்கு இஸ்துக்கினு போறேன்" என்றார். நான் நோயாளி மாதிரி முகத்தை வைத்துக்கொண்டேன். ஆஸ்பத்திரியில் கண் டாக்டர் என்ன பிரச்சினை என்று தெலுங்கில் கேட்டார். "நாக்கேம் லேது சார்" என்றார் இவர். எனக்கொன்றுமில்லை, கார்த்திகையிலிருந்து தினமும் சாயங்காலம் வண்டியில் கூட்டிவருகிறேன், இவளுக்குத்தான் இருட்டென்றால் பயம் என்று என்னைக் கைகாட்டினார். டாக்டர் கொஞ்சம் குழம்பி என்னையே நாற்காலியில் உட்காரச் சொன்னார். பிறகு ஒருவழியாக அவரை உட்கார வைத்து, மருந்து சொட்டு விட்டு, விளக்கடித்து, இரண்டு கண்ணையும் வெகு நேரம் பார்த்தார். இரண்டிலும் புரை விழுந்திருந்தது.

"பெத்தாயனா, இந்தக் கண்ண வெச்சுக்கிட்டு குளிர்காலம் பூரா சாயங்காலத்துல எப்படி வண்டி ஓட்டினீங்க?" என்றார் டாக்டர். பெரியவரே என்று தெலுங்கில் கூப்பிட்டாலும், அவருக்கும் தமிழ் வந்தது.

நான் தலையைக் குனிந்துகொண்டேன். இவர் என் பக்கம் திரும்பவில்லை.

"இவ சொல்லிக்கினே வந்தா சார். நான் ஓட்டிக்கினே வந்தேன்."

ஒரு கண்ணுக்கு மறுவாரமே ஆபரேஷன் என்று எழுதிக் கொடுத்தார்கள். வெளியே வந்தோம். மாசி மாசத்து மத்தியான வெயில் திருப்பதித் தெருவில் கொட்டிக்கிடந்தது. மார்கழி முழுக்க நான் ஏங்கின வெளிச்சம். சொட்டு மருந்து போட்ட கண்ணுக்கு அது ஆகவில்லை. அவர் இரண்டு கண்ணையும் இறுக மூடிக்கொண்டு படியிலேயே நின்றுவிட்டார்.

"உனக்கு முன்னியே தெரியுமா மாமா?" என்றேன்.

"எருமை கொழுத்துக்கீது, எருமை கொழுத்துக்கீதுன்னு மூணு மாசமா எவ பேசுவா?"

"அப்போ எனக்கு இருட்டுன்னா பயம்னு சொன்னது?"

அவர் கையை நீட்டித் துழாவினார். என் தோள் கிடைத்ததும் பிடித்துக்கொண்டார்.

"பயம் எனக்கு" என்றார். "பேசிக்கினே வா."

"மூணு படி கீது மாமா" என்றேன். அவர் காலை நீட்டினார்.