சம்பந்தியம்மாவும் மூன்று ‘ரைட்’டும்

காலை ஆறரைக்குக் கண்டியில் கண்டக்டர் “ரைட்!” என்று பஸ்ஸைத் தட்டினார்.

கல்முனையில் கூடப்பிறந்த ராத்தா வீட்டுக்குத் துருக்கியிலிருந்து சம்பந்தியம்மா வந்திருக்கிறார். மொழிபெயர்க்க நான் வேண்டுமாம். இஸ்தான்புல் ஹோட்டலொன்றில் கொஞ்சக்காலம் கோப்பை கழுவியவன் நான். துருக்கி மொழி எனக்குத் தண்ணீர்பட்ட பாடு என்று குடும்பத்தில் அளந்துவைத்திருந்தேன். அது கோப்பை கழுவிய தண்ணீர்தான்.

“அங்க படிச்ச உன்ர மகளே கதைக்கலாமே?” என்று போனில் நழுவப் பார்த்தேன்.

“கலியாணப் பொண்ணு தன்ர கலியாணத்தத் தானே கதைக்கிறதா? ஊரு சிரிக்கும். நீ வா தம்பி.”

ஆங்கில வாத்தியாரான மச்சான் சொல்லவேண்டிய வசனத்தை முன்கூட்டியே அனுப்பியிருந்தார்: ‘இந்த வீடு எங்கள் மகளின் ரைட்.’ மகியங்கனை மலைப்பாதையின் பதினெட்டு வளைவிலும் பாடமாக்கினேன். வலப்பக்க ரைட்டுக்கு ‘ஸா’. சரி என்ற ரைட்டுக்கு ‘தோரு’. உரிமைக்கு ‘ஹக்’. அம்பாறையைத் தாண்டி, சம்மாந்துறை வயல்காற்று முகத்தில் பட்டபோது மூன்றும் கலந்து ஒரே சாம்பாராகியிருந்தன.

ஒரு மணிக்குக் கல்முனை. கறியும் சோறும் உண்டபின் கதை தொடங்கியது. மச்சான் தலையசைத்தார். நான் வியர்த்தபடி, வீடு மகளின் வலப்பக்கம் என்றேன். சம்பந்தியம்மா வலப்பக்கம் திரும்பிப் பார்த்தார். திரைக்குப் பின்னால் மணப்பெண் இருமினாள். வீடு மகளுக்குச் சரி என்றேன். பலத்த இருமல்.

“மாமா, ஹக்!”

சொன்னேன். சம்பந்தியம்மாவின் கண் நிறைந்தது. மெதுவாக ஏதோ கேட்டார். அது மட்டும் எனக்கு முழுதாக விளங்கியது.

“அப்ப என்ர மகன் திரும்பி வரமாட்டானா எண்டு கேக்கிறாங்க.”

இந்தக் கிழக்குக் கரையில் பெண்ணுக்கு வீடு கட்டிக் கொடுப்பார்கள், மாப்பிள்ளை அங்கே குடிவருவார். துருக்கிப் பிள்ளையும் அப்படித்தான் வருவான் என்று இவர்களாகவே நினைத்துவிட்டார்கள். அவனிடம் யாரும் கேட்கவேயில்லை.

மச்சான் தொண்டையைச் செருமினார். “நானும் சம்மாந்துறையில இருந்து இஞ்ச வந்தவன்தான். அரை மணித்தியால தூரம். அதுக்கே எங்கட உம்மா ஒரு மாசம் அழுதா.”

ராத்தா எழுந்தார். மகளுக்காகக் கட்டிய வீட்டின் பூட்டுத் திறப்பை எடுத்துச் சம்பந்தியம்மாவின் கையில் வைத்தார். “இவங்களுக்குச் செல்லு தம்பி. வீடு இவள்ற ஹக்கு. மகன் அவங்கட ஹக்கு. ரெண்டு பேரும் துருக்கியிலயே இருக்கட்டும். வீடு எங்கயும் ஓடாது.”

நான் தட்டுத்தடுமாறிச் சொல்லி முடித்தேன். இருமல் வரவில்லை. சம்பந்தியம்மா திறப்பை ராத்தாவின் உள்ளங்கையிலேயே வைத்து, விரல்களை மூடினார். எங்கள் ஊரில் பனி கொட்டும், குளிர்காலம் முழுக்க இவர்கள் இங்கேதான், நானும் கூட வருவேன் என்றார்.

“வரச்செல்லு! மீன் ஆக்கிப்போடுறன்!” என்று ராத்தா அழுதுகொண்டே சிரித்தார்.

மறுநாள் காலை நான் புறப்பட்டபோது சம்பந்தியம்மா வாசலில் நின்று, நெஞ்சில் கைவைத்து, “ஹக்கினி ஹெலால் எத்” என்றார். என்மேல் உனக்கு ஏதும் ஹக்கு இருந்தால் ஹலாலாக்கிவிடு, மன்னித்துவிடு என்று பிரியும்போது துருக்கியர் கேட்பது. நான் வாய் திறப்பதற்குள் ராத்தா முந்திக்கொண்டார். “ஹலால், ஹலால்! இது எங்கட ஹஜ்ஜுக்குப் போறாக்கள் கேக்கிறதுதானே. இதுக்கு நீ எதுக்கு?”

வேலை போனதற்கு இவ்வளவு சந்தோஷப்பட்டவன் நானாகத்தான் இருப்பேன். அல்ஹம்துலில்லாஹ்.

கண்டக்டர் “ரைட்!” என்று தட்டினார். அந்த ரைட்டுக்குத் துருக்கியில் என்னவென்று எனக்கு இன்னும் தெரியாது. பஸ் அது தெரியாமலே புறப்பட்டது.