காரணம் கற்பித்த தவணை

என் கணவரின் முப்பத்தோராம் நாள் பூசை முடிந்த மறுநாளே நான் பள்ளிக்கூடம் போனேன். இன்னும் இரண்டு கிழமை லீவு எடுக்கலாம் என்று அதிபர் சொல்லி அனுப்பியிருந்தார். வீட்டில் இருந்து என்ன செய்வதென்று எனக்குத் தெரியவில்லை. வெள்ளைச் சேலை உடுத்துக்கொண்டு வழக்கமான நேரத்துக்குப் போய், வழக்கமான இடத்தில் கையெழுத்து வைத்தேன். மற்ற ஆசிரியைகள் எழுந்து நின்றார்கள். ஒருத்தி என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். அவள் அழுது முடிக்கும்வரை நான் நின்றேன். பிறகு மணி அடித்தது.

அந்தப் பள்ளித் தவணையின் தொடக்கத்தில் ஆசிரிய ஆலோசகர் ஒருவர் வந்து ஒரு திட்டம் சொல்லிவிட்டுப் போயிருந்தார். பிள்ளைகள் எல்லாவற்றையும் பாடமாக்கி எழுதுகிறார்கள், ஏன் என்று கேட்டால் முழிக்கிறார்கள் என்பது அவருடைய குறை. காரணம், விளைவு என்ற இந்த ஒன்றை மட்டும் எடுத்து எல்லாப் பாடங்களிலும் ஒரே நேரத்தில் படிப்பிக்க வேண்டும் என்றார். ஒன்பதாம் வகுப்புக்குத் தமிழ், வரலாறு, விஞ்ஞானம் மூன்றும் நானே எடுத்துக்கொண்டிருந்தேன். விஞ்ஞான ஆசிரியை மாற்றலாகிப் போய் வேறு ஆள் வரவில்லை. வரலாற்றுக்கு முதலிலிருந்தே ஆள் இல்லை.

"உங்களுக்குத்தான் ரீச்சர் இது லேசு. மூண்டு பாடமும் ஒரே வாயால போகுது" என்று அவர் சிரித்தார். தவணை முடிவதற்குள் வந்து வகுப்பைப் பார்ப்பதாகவும் சொன்னார்.

அந்தப் பாடத்துக்காகத்தான் எனக்குப் பிறிஸ்டல் போட், சுவரில் ஒட்டும் தடித்த மட்டை, தேவைப்பட்டது. என் கணவர் கட்டுக்கரைப் பக்கம் நீர்ப்பாசனக் கந்தோரில் வேலை செய்தார். காலையில் மோட்டார் சைக்கிளில் பாலம் தாண்டிப் போய்ப் பின்னேரம் நாலு மணிபோல் தோட்டவெளிக்குத் திரும்பி வருவார். வரும்போது டவுனில் இரண்டு மட்டை வாங்கி வரும்படி அவர் இறந்த நாள் காலை சொல்ல நினைத்திருந்தேன், மறந்துபோனேன். அவர் வந்து, சாரம் மாற்றி, தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தபோதுதான் ஞாபகம் வந்தது.

"இஞ்சருங்கோ, பிறிஸ்டல் போட் ரெண்டு வேணும். நாளைக்கு வகுப்பில ஒட்டவேணும்."

"காலமை சொல்லியிருந்தா வரேக்க வாங்கியிருப்பனே."

"மறந்துபோனன்."

"சரி, போட்டு வாறன்."

தேத்தண்ணியை முழுக்கக் குடித்துவிட்டுத்தான் போனார். திரும்பி வரும்போது சிறு தூறல் இருந்ததாம். மன்னார் வீதிகளில் கழுதைகள் நிற்பது எங்களுக்குப் புதிதல்ல. அவற்றில் ஒன்று திடீரென்று வீதியில் ஏறியிருக்கிறது. அவர் விலத்தப் பார்த்து மைல் கல்லில் மோதினார். ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே முடிந்துவிட்டது.

செத்தவீட்டுக்கு வந்தவர்கள் ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். கழுதைகளைப் பிடித்துக் கட்டாத நகரசபை, தூறல், சரியாகப் பூட்டாத ஹெல்மெட் வார், அந்த இடத்தில் இருக்கும் வளைவு. யுத்த காலத்தில் மூன்று தரம் இடம்பெயர்ந்து, ஷெல்லுக்குள்ளால் ஒரு கீறலும் இல்லாமல் வந்த மனிதன் ஒரு கழுதையாலா சாகவேண்டும் என்று ஒருவர் கேட்டார். என் மாமி, அவரைப் பெற்றவர், விறாந்தையில் இருந்து யாருக்கோ சொன்னது உள்ளே எனக்குக் கேட்டது.

"பிறிஸ்டல் போட் வாங்கத்தானே போனவன் என்ர பிள்ளை."

அதற்குப் பிறகு மாமி என்னோடு தேவைக்குத்தான் பேசினார். ஒரே வீடு, ஒரே குசினி. நான் வந்தால் அவர் எழுந்து வெளியே போவார். அவர் சொன்னதில் பிழை இல்லை என்றுதான் எனக்குப் பட்டது. அதனால் கோபமும் வரவில்லை.

பொலிசார் என் கணவருடைய பொருட்களைக் கொடுத்தபோது மட்டைகளையும் கொடுத்தார்கள். சுருட்டி றப்பர் பான்ட் போட்டுப் பொலித்தீன் பைக்குள் இருந்தன. நனையவில்லை. ஒரு மூலை மட்டும் மடிந்திருந்தது. அலுமாரிக்கு மேல் தூக்கி வைத்தேன்.

வகுப்பில் விஞ்ஞானத்தோடுதான் தொடங்கினேன். மேசையில் மெழுகுதிரி கொளுத்தி, அதன்மேல் கண்ணாடிப் போத்தலைக் கவிழ்த்தேன். சுவாலை சுருங்கி அணைந்தது. தீ எரிய எரிபொருள் வேண்டும், ஒட்சிசன் வேண்டும், வெப்பம் வேண்டும் என்று கரும்பலகையில் எழுதினேன். பின்வாங்கில் இருந்து ஒருவன் கேட்டான்.

"அப்ப மூண்டில எது ரீச்சர் உண்மையான காரணம்?"

"மூண்டும்தான்."

"ஒண்டுகூட மற்றதைவிடக் கூட இல்லையா?"

"ஒண்டு இல்லாட்டியும் எரியாது. அப்ப எதைக் கூட எண்டு சொல்லுவாய்?"

என் குரல் ஒழுங்காகத்தான் இருந்தது. பிள்ளைகள் எழுதிக்கொண்டார்கள். கை விறைத்துப்போனால் அது கோப்பையைப் பிடித்திருக்கிறதா என்று கண்ணால் பார்த்துத்தான் உறுதி செய்யவேண்டியிருக்கும். அந்த நாட்களில் என் வாயிலிருந்து வந்த சொற்களையும் நான் அப்படித்தான் கரும்பலகையில் பார்த்துத் தெரிந்துகொண்டேன்.

அடுத்த கிழமை வரலாற்றில் போர்த்துக்கேயர் வந்த கதை. காற்று திசைமாறி அடித்ததில் அவர்களுடைய கப்பல் எங்கள் நாட்டுக் கரைக்கு வந்தது, அது உடனடிக் காரணம். வாசனைத் திரவிய வியாபாரத்துக்கு வழி தேடிக்கொண்டிருந்தார்கள், அது அடிப்படைக் காரணம் என்று இரண்டாகப் பிரித்துக் காட்டினேன். தமிழில் காரணப்பெயரும் இடுகுறிப்பெயரும். பறப்பதால் பறவை, நான்கு கால் இருப்பதால் நாற்காலி.

"நாற்காலி எண்டால் என்ன ரீச்சர்?" என்றாள் முன்வாங்கில் இருந்த மீன்பிடிக் குடும்பத்துப் பிள்ளை ஒருத்தி.

"இந்தா, என்ர மேசையடியில கிடக்கிற கதிரை. அதுதான்."

"அப்ப கதிரை எண்டதுக்கு என்ன காரணம்?"

அது போர்த்துக்கேயரின் சொல், அவர்கள் வந்ததால் வந்தது என்றேன். அவள் கொஞ்சம் யோசித்தாள்.

"அப்ப அண்டைக்குக் காத்து மாறி அடிக்காட்டி எங்களிட்டக் கதிரை எண்ட சொல்லே இருந்திராதா?"

வகுப்பு சிரித்தது. வேறொரு காலமாக இருந்தால் அந்த ஒரு கேள்விக்காக வீட்டுக்கு ஓடிவந்து என் கணவரிடம் சொல்லியிருப்பேன். மூன்று பாடங்களையும் ஒன்றாகக் கட்டவேண்டும் என்று ஆலோசகர் கேட்டது இதைத்தான். "நல்ல கேள்வி" என்று மட்டும் சொல்லிவிட்டு அடுத்த பக்கத்தைத் திருப்பச் சொன்னேன்.

அந்த வெள்ளிக்கிழமை 'அதனால்' என்ற சொல்லை வைத்து மூன்று வாக்கியம் எழுதித் தரச் சொன்னேன். கொப்பிகளை வீட்டுக்குக் கொண்டுவந்து திருத்தினேன். அதே பிள்ளை இப்படி எழுதியிருந்தாள்:

கடல் கொந்தளித்தது. அதனால் வள்ளங்கள் போகவில்லை.

கிணற்று நீர் உப்பானது. அதனால் பவுசரில் தண்ணீர் வருகிறது.

எங்கள் ரீச்சரின் கனவர் இறந்துவிட்டார். அதனால் ரீச்சர் இப்போது எங்களை ஏசுவதில்லை.

மூன்றாவது வாக்கியத்தில் 'கனவர்' என்று இருந்ததை வெட்டிக் 'கணவர்' என்று சிவப்புப் பேனையால் எழுதினேன். வாக்கிய அமைப்பு சரி. மூன்றுக்கும் சரி போட்டேன். கொப்பியை மூடி வைத்த பிறகுதான் யோசித்துப் பார்த்தேன். உண்மைதான். முன்பு நான் நன்றாக ஏசுகிற ஆள். பின்வாங்கில் கதைத்தால் சோக்கட்டியால் எறிவேன். இப்போது அவர்கள் என்ன செய்தாலும் பார்த்துக்கொண்டு நிற்கிறேன். வெளியே ஒன்றும் தெரியாமல் நடந்துகொள்கிறேன் என்று நினைத்திருந்தேன். ஒரு வகுப்பே அதைக் கவனித்து, இலக்கணப் பிழை இல்லாமல் எழுதவும் தெரிந்து வைத்திருந்தது.

ஆலோசகர் புதன்கிழமை வருவதாக அறிவித்தல் வந்தது. சுவரில் ஒட்ட எதுவும் இல்லை. டவுனுக்குப் போய் வேறு மட்டை வாங்கலாம். அலுமாரிக்கு மேல் இரண்டு இருக்கின்றன, பிறகு ஏன் வாங்குவது என்று தோன்றியது. இன்று நினைத்தால் எப்படிச் செய்தேனோ என்று இருக்கிறது. அன்று அது ஒரு மட்டை, அவ்வளவுதான். ஞாயிற்றுக்கிழமை மாதா கோயில் பூசைக்குப் போய்வந்து, நிலத்தில் விரித்து, நான்கு மூலைக்கும் புத்தகம் பாரம் வைத்து, கோடு கீறத் தொடங்கினேன். இடப்பக்கம் காரணம், வலப்பக்கம் விளைவு, நடுவில் அம்புக்குறிகள்.

மாமி வாசலில் வந்து நின்றார்.

"அது அந்த மட்டையோ?"

"ஓம் மாமி."

போய்விடுவார் என்று நினைத்தேன். அவர் கதவு நிலையைப் பிடித்து மெல்ல நிலத்தில் இருந்தார்.

"நானும் சொன்னனான்" என்றார்.

"என்ன மாமி?"

"கேற்றடியில வைச்சு. நீ உள்ளுக்க நிண்டனி. முதுகுக்குப் பூசுற தைலம் முடிஞ்சு போச்சு, பாமசியில ஒண்டு வாங்கிக்கொண்டு வா தம்பி எண்டனான். பாமசி பூட்டிக் கிடந்ததாம். திறக்குமட்டும் வாசல்ல நிண்டவனாம். செத்தவீட்டுக்கு வந்த பாமசிக்காரர்தான் சொன்னவர். நீ கேட்ட மட்டையோட நேர வந்திருந்தா, அந்தக் கழுதை ஏறேக்க அவன் வீட்டை வந்திருப்பான்."

நான் பேனையை மூடினேன்.

"ஆக்களுக்கு முன்னால உன்னைச் சொல்லிப்போட்டு இருந்திட்டன்" என்றார் மாமி. "அதுக்குப் பிறகு உன்ர முகத்தைப் பார்க்க ஏலாமல் போச்சு."

அவர் என்னைக் குற்றம் சாட்டித்தான் பேசாமல் இருக்கிறார் என்று இத்தனை நாள் இருந்தேன். ஏதாவது ஆறுதல் சொல்லவேண்டும் என்று தெரிந்தது. தைலமும் காரணம் இல்லை, மட்டையும் காரணம் இல்லை என்று சொல்லலாம். இரண்டும்தான் என்றும் சொல்லலாம். இரண்டையும் வகுப்பில் என்னால் நிறுவிக் காட்ட முடியும். மனதில் பாரம் இறங்கியதா என்று பார்த்தேன். அப்படியும் ஒன்றும் இல்லை.

"சாப்பிட்டனீங்களோ?" என்று கேட்டேன்.

"இல்லை."

சோறும் சூடைமீன் குழம்பும் இருந்தது. இரண்டு சாப்பாட்டுக் கோப்பையில் போட்டு, செத்தவீட்டுக்குப் பிறகு முதல்தரமாக இருவரும் ஒன்றாக இருந்து சாப்பிட்டோம். மாமி முள் எடுத்த மீன் துண்டு ஒன்றை என் கோப்பையில் வைத்தார். நான் சாப்பிட்டேன். பிறகு வந்து மிச்ச அம்புக்குறிகளுக்கு நிறம் தீட்டினேன்.

புதன்கிழமை ஆலோசகர் வந்தார். பிள்ளைகள் நன்றாகப் பதில் சொன்னார்கள். கதிரைக் கேள்வி கேட்டவள் இன்னொன்றும் கேட்டாள்: இடுகுறிப்பெயர் என்றால் காரணமே இல்லாத பெயரா, இல்லை காரணம் இருந்தும் எங்களுக்குத் தெரியாததா? ஆலோசகர் என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன். "இரண்டு விதமாகவும் சொல்லுவினம்" என்றேன். பாடம் முடிந்ததும் அவர் மட்டைக்குக் கிட்டப் போய்ப் பார்த்தார்.

"வடிவாச் செய்திருக்கிறீங்கள் ரீச்சர். மூலை மட்டும் மடிஞ்சு கிடக்கு. ஒரு துண்டு செலோரேப் ஒட்டிவிடுங்கோ, கிழியாது."

ஒட்டினேன்.

அடுத்த ஆண்டு எனக்கு விடத்தல்தீவுக்கு மாற்றம் வந்தது. அங்கே தமிழ் மட்டும்தான். மாமி தன் மகளோடு போய் இருப்பார் என்று எல்லோரும் நினைத்தோம். நான் சாமான் கட்டியபோது அவரும் தன் உடுப்பை ஒரு பையில் வைத்துக் கட்டிக்கொண்டிருந்தார்.

"நீங்கள் எங்க மாமி?"

"நானும் வாறன். நீ பள்ளிக்கூடம் போனாப் பிறகு வீட்டில ஆர் இருக்கிறது?"

அங்கே போய்ச் சில மாதங்களுக்குப் பிறகு, ஒரு சனிக்கிழமை காலை, கிணற்றடியில் மீன் வெட்டிக்கொண்டிருந்தபோது எனக்கு அழுகை வந்தது. அன்று விசேட நாள் எதுவும் இல்லை. நான் என் கணவரை நினைத்துக்கொண்டும் இருக்கவில்லை. மீன் செதிலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். நெடுநேரம் அழுதேன். மாமி வந்து பார்த்தார். என் கையிலிருந்த கத்தியை வாங்கி, பக்கத்தில் குந்தி இருந்து, மிச்ச மீனை வெட்டினார்.