கோலமாவுல கட்டுன வூடு

லெமன் சாதத்த வாய்ல வெச்சா நறநறன்னும்...

மண்ணு இல்லப்பா, அனல்மின் நிலையத்து சாம்பல். எண்ணூர் காத்துல எப்பவும் பறந்துகினே கீற சாம்பல். கேரியர தொறந்து மூடறதுக்குள்ள சோத்து மேல படிஞ்சிரும். "கண்ண மூடிகினு துன்னுங்க, ஒண்ணும் ஆவாது"ன்னு அம்மா சொல்லும். நாங்களும் துன்னுவோம். ஏன்னா அது எங்க சொந்த வூட்டு ஹால்ல உக்காந்து துன்ற சோறு!

வூடுன்னா... செவுரும் கெடையாது, கூரையும் கெடையாது. வெறும் மனை தான். கத்திவாக்கம் தாண்டி ரயில் லைன ஒட்டி, முன்னாடி ஒல்லியா, பின்னாடி அகலமா கீற ஒரு கோணல்மாணல் மனை. எவனும் வாங்கல, அதனால எங்க அப்பாவுக்கு கெடச்சிது. அப்பா ரயில்வே ஷெட்டுல ஃபிட்டர். ரெண்டாயிரம் பொறக்கறதுக்கு கொஞ்சம் முன்னாடி நடந்த கத இது.

ஞாயித்துக்கெழம சர்ச்சுல பூசை முடிஞ்சதும் நேரா ராயபுரம் ஸ்டேஷன். எலக்ட்ரிக் டிரெயின புடிச்சி மனைக்கு போயிருவோம். அம்மா பையில கேரியரோட ஒரு டப்பா கோலமாவு இருக்கும்.

போன ஒடனே தரைய கூட்டிட்டு கோடு போட ஆரம்பிச்சிரும். இது ஹாலு. இது ரூமு. லைன் பக்கத்து மூலைல கிச்சன், அதுல பெரிய ஜன்னலு. "டிரெயின் போறத பாத்துகினே கொழம்பு வெப்பேன்"னு அது சொல்றப்போ மூஞ்ச பாக்கணுமே... அப்டி ஒரு சிரிப்பு.

நானும் தம்பி ஜானும் வாசல் வழியா தான் உள்ள வரணும். கோட்ட தாண்டி குதிச்சோம், முதுகுல ஒண்ணு வுழும். "செவுத்துல பூந்து வர்றியே, பேயாடா நீ?"

சிரிக்காதீங்க. ராயபுரத்துல நாங்க இருந்த வாடகை போர்ஷன் அப்டி. ஒரே ரூமு. அடுப்பு கதவாண்ட. செவுத்துல ஆணி அடிக்க கூடாது, அது வூட்டுக்காரம்மா ஆர்டர். எங்க மாதா படம் வருஷக்கணக்கா டிரங்கு பொட்டி மேல சாஞ்சிகினே இருந்துச்சி. ஜபம் சொல்றப்போ அம்மா அந்த படத்த பாத்து "ஆணி அடிக்க ஒரு செவுரு குடு தாயே"ன்னு கேக்கும். வேற எதுவும் கேட்டு நான் பாத்ததில்ல.

லைன் ஓரம்ன்றதால முனிசிபாலிட்டி பிளான் பாஸ் பண்றதுக்கு முன்னாடி ரயில்வே ஆட்சேபணை இல்லன்னு எழுதி குடுக்கணும். அப்பா காலர தூக்கி வுட்டுகினாரு. "நம்ம டிபார்ட்மெண்டு தானே, ஒரே வாரத்துல வாங்கிருவேன் பாரு"ன்னாரு.

எங்க வாங்கனாரு... சொந்த டிபார்ட்மெண்டுலயே லோ லோன்னு அலைஞ்சாரு. ஒவ்வொரு தபா போறப்பவும் லைன வுட்டு இன்னும் கொஞ்சம் தள்ளி கட்டணும்பாங்க. அந்த ஞாயித்துக்கெழம அம்மா பழைய கோட்ட கால்ல அழிச்சிட்டு உள்ள தள்ளி வேற கோடு போடும். மொதல்ல ரூம் சின்னதாச்சி. அப்பால ஹாலு. கிச்சன மட்டும் அது வுடவே இல்ல.

பக்கத்து மனை சேகர் அண்ணன் இதெல்லாம் எதுவும் கேட்டுக்கல. தடதடன்னு லைன் வரைக்கும் கட்டிட்டு குடியே வந்துட்டாரு. "இன்னா அண்ணாத்த, பச்சப்புள்ளையாட்டம் கீற! மொதல்ல கட்டு, அப்பால பாத்துக்கலாம்"னாரு. அம்மாவும் ஆசையா அப்பா மூஞ்சயே பாத்துச்சி.

அப்பா ஒத்துக்கல. அவரு சின்ன வயசுல லைன் ஓரத்துல தான் அவங்க குடிசை. ஒரு நாள் காலைல ரயில்வே ஆளுங்க வந்து பிரிச்சி போட்டுட்டாங்க. அவங்கம்மா வெந்துகினு இருந்த சோத்து பானைய அப்டியே எறக்கி தலைல வெச்சிகினு ரோட்டுக்கு வந்தாங்களாம். "அந்த மாதிரி உன்ன நான் நிக்க வெக்க மாட்டேன்"னு அம்மா கிட்ட சொன்னாரு.

கடசியா பதில் வந்துச்சி. அவங்க சொன்ன தூரத்த வுட்டா முன்பக்கத்து ஒல்லி துண்டு தான் மிச்சம். ஒரு ரூமு, ஒரு பாத்ரூமு. கிச்சனுக்கு எடமே இல்ல.

"போதும்யா... அடுப்ப ஒரு மூலைல வெச்சிக்கறேன், கட்டிருய்யா"ன்னு அம்மா கெஞ்சிச்சி.

"இங்கயும் ஒரே ரூமு, அங்கயும் ஒரே ரூமா? கிச்சன் இல்லாத வூடு இன்னா வூடு?"ன்னு அப்பா கத்தனாரு. மறு வாரமே மனைய சேகர் அண்ணனுக்கே வித்துட்டாரு. வித்துட்டு வந்து தான் சொன்னாரு. அம்மா அரிசி களைஞ்சிகினே இருந்துச்சி.

அடுத்த ஞாயித்துக்கெழம பூசை முடிஞ்சி, பழக்க தோஷத்துல நானும் ஜானும் ஸ்டேஷன் பக்கம் திரும்பனோம். "இந்தாண்ட வாங்கடா"ன்னு அம்மா கூட்டுகினு போயிருச்சி.

அதுக்கப்புறம் அந்த லைன்ல எப்ப போனாலும் அப்பா, மனை தெரியாத அந்தாண்ட பக்க சீட்ல தான் உக்காருவாரு. சாவுற வரைக்கும் அப்டி தான். அவரு மேல கோவமே வரல எனக்கு. ஆனா அந்த ஒத்த ரூம கட்டி இருந்தா கூட அம்மா கைல ஒரு சாவி இருந்திருக்கும் இல்ல?

இப்ப மீஞ்சூர்ல எனக்கு ஒரு ஃபிளாட் கீது. அம்மா என் கூட தான். மாடுலர் கிச்சன், சிம்னி, எல்லாம் கீது. மாதா படத்துக்கு நானே ஆணி அடிச்சேன். அப்பவும் "பாத்து, உன் செவுரு பாழாய்ட போவுது"ன்னுச்சி. உன் செவுராம்.

போன வாரம் ராயபுரத்துல ஒரு கல்யாணத்துக்கு டிரெயின்ல போனோம். அம்மா ஜன்னல் சீட். எண்ணூர் தாண்டுச்சி. எங்க மனைல மூணு மாடி. லைன ஒட்டி ஒரு ஜன்னலு. உள்ள யாரோ ஒரு பொண்ணு நின்னுகினு எதயோ கிளறிகினு கீது. அவளும் தல தூக்கி டிரெயின பாத்தா.

அம்மா கழுத்த திருப்பி திருப்பி பாத்துச்சி. மறையற வரைக்கும் பாத்துச்சி. அப்பால என் கைய தட்டி சொல்லிச்சி...

"கிச்சன் நான் போட்ட எடத்துலயே தான் வெச்சிகீறாங்க."