வாய்க்குத் தெரியாத சாப்பாடு

கேன்டீன் அக்கா வேலை முடிந்து வந்ததும் நேராகக் குளியலறைக்குத்தான் போவாள். நூற்றைம்பது பேருக்கு வெங்காயம் வதக்கிய வாடை தலைமுடி வரை ஏறியிருக்கும். அது வீட்டுக்காரரின் மூக்குக்கு எட்டிவிடக் கூடாது என்று இரண்டு முறை சோப்பு போடுவாள்.

வீட்டுக்காரர் பிளம்பர். ஊரார் வீட்டு அடைப்பையெல்லாம் எடுத்த மனுஷன், அதற்கான அமிலத்தைத் தண்ணீர் பாட்டிலில் ஊற்றிவைத்துவிட்டு, மறந்துபோய்த் தானே ஒரு மடக்கு குடித்துவைத்தார். இப்படி ஒரு கெட்டிக்காரத்தனம் வேறு யாருக்கும் வராது. உயிர் தப்பியது, ஆனால் உணவுக்குழாய் சுருங்கி மூடிக்கொண்டது. வயிற்றில் துளைபோட்டுக் குழாய் வைத்தார்கள். அரைத்துக் கரைத்த சாப்பாடு அதன் வழியாகத்தான் இறங்கும். இன்னும் நான்கு கிலோ ஏறினால்தான் தொண்டைக்கு வழி செய்யும் ஆபரேஷன் என்று டாக்டர் கறாராகச் சொல்லிவிட்டார். மூன்று மாதமாகியும் எடை ஏறின பாடில்லை. ஊற்றியது கல் மாதிரி அப்படியே கிடக்கும், வயிறு உப்பிக்கொள்ளும்.

அவளும் சும்மா இருக்கவில்லை. வீட்டில் அடுப்பே பற்றவைப்பதில்லை. பக்கத்து வீட்டில் சமைத்து, அரைத்து, மூடி போட்டு எடுத்து வருவாள். தன் சாப்பாட்டை மாடிப்படிக்கு அடியில் நின்றபடியே அள்ளிப் போட்டுக்கொண்டு, வாயைக் கொப்பளித்துவிட்டுத்தான் உள்ளே வருவாள். பார்த்தால் மனுஷன் ஏங்கிப்போவாரே என்ற பாசம்.

ஆஸ்பத்திரி நர்ஸ் ஒருநாள் இதையெல்லாம் துருவித் துருவிக் கேட்டுவிட்டுத் தலையில் கைவைத்துக்கொண்டாள்.

"அக்கா, சொல்லாம கொள்ளாம பத்து பேர் சாப்பிட வந்து நின்னா நீங்க திணற மாட்டீங்களா? வயிறும் அப்படித்தான். மூக்கும் நாக்கும் முதல்ல தகவல் சொல்லணும். அப்பத்தான் வயித்துல ஜீரண அமிலம் நல்லா சுரக்கும், கணையமும் தயாரா இருக்கும். நீங்க ரெண்டையும் பூட்டி வச்சிருக்கீங்க."

சாப்பாடு குடலுக்கு இறங்கிய பிறகு, போதும், மெதுவாக அனுப்பு என்று குடலே வயிற்றுக்குச் சொல்லி அனுப்பும் என்றும் நர்ஸ் விளக்கினாள். அக்காவுக்கு அதெல்லாம் காதில் ஏறவில்லை. பாசம் பாசம் என்று இத்தனை நாள் பட்டினி போட்டிருக்கிறோமே என்று வழியெல்லாம் தன்னையே திட்டிக்கொண்டு வந்தாள்.

மறுநாள் விடுமுறை. மதியம் அடுப்புக்குப் பக்கத்திலேயே நாற்காலி போட்டு அவரை உட்கார வைத்தாள். வெங்காயம் சிவந்தது, கோழி வறுபட்டது. ஒரு துண்டைக் கொடுத்து, நன்றாக மென்று கிண்ணத்தில் துப்பிவிடச் சொன்னாள். அவர் வெகுநேரம் மென்றார்.

"உப்பு பத்தல," என்றார்.

மூன்று மாதத்துக்குப் பிறகு வந்த முதல் குறை. அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது. குழாயில் ஊற்றியது அன்று அடம்பிடிக்காமல் இறங்கியது. பிறகு பழக்க தோஷத்தில் தன் தட்டை எடுத்துக்கொண்டு மாடிப்படிப் பக்கம் திரும்பினாள். அவர் தட்டின் விளிம்பைப் பிடித்துக்கொண்டார்.

"எங்க போற? இங்க உக்காரு. படிக்கு அடியில நின்னு நீ திங்கிறது எனக்கு முதல் நாளே தெரியும். அதைப் பார்த்துத்தான் என் பசியே செத்துப்போச்சு."

அவள் எதிரே உட்கார்ந்து, அழுதுகொண்டே சாப்பிட்டாள். அன்றிலிருந்து அவர் மெல்லுவதும் அவள் விழுங்குவதும் ஒரே மேசையில்தான்.

இரண்டு மாதம் கழித்து டாக்டர் ஆபரேஷனுக்குத் தேதி குறித்தார். வீட்டுக்காரர் எடைமேடையிலிருந்து இறங்கி, அவளைப் பிடித்து ஏற்றிவிட்டார். அவளுக்கும் மூன்று கிலோ கூடியிருந்தது.