செருப்பின் அடியில் ஒட்டிய மருந்து

மண்சட்டியின் முன் குந்தியிருக்கும்போது பாங் தேஹாயிடம் யாரும் பேச்சுக் கொடுக்கக் கூடாது. கஷாயம் பொங்கி வழிந்தால் சட்டியிடமே மன்னிப்புக் கேட்பார். சீனாவின் ஆன்சிங் நகரில், ஆற்றங்கரைச் சந்து முனையில் செருப்புத் தைப்பவர். சட்டியை இறக்கிய பிறகுதான் கடையைத் திறப்பார்.

இரண்டு வகை வேர், பைன் வேரில் விளையும் காளான், அதிமதுரம். எதுவும் முரட்டுச் சரக்கில்லை. அதனால்தான் இந்தக் கஷாயத்துக்கு ‘நான்கு பெரிய மனிதர்கள்’ என்று பெயர். குளிர் தொடங்கியதிலிருந்து அவர் மனைவி ருய்சென்னுக்குச் சோறு செல்லவில்லை. கட்டிலிலிருந்து ஜன்னல்வரை நடந்தாலே மூச்சு வாங்குகிறது. வாய் மட்டும் ஓயவில்லை.

“உன் நாலு பெரிய மனுஷங்களும் தினம் வந்து போறாங்க, கிழவா. ஒரு வாய்க் கஞ்சியை உள்ள விடமாட்டேங்கிறாங்களே!”

“சாதுவான ஆளுங்க. மெதுவாத்தான் வேலை செய்வாங்க. குடி.”

அவள் குடிப்பாள். அவர் சிரிப்பார். இவள் போய்விட்டால் என்ன செய்வது என்ற பயம் அவரை உள்ளுக்குள் அரித்துக்கொண்டிருந்தது.

கஷாயச் சக்கையைத் தெருவில் கொட்டுவது அங்கே வழக்கம். போகிறவர் வருகிறவர் காலில் மிதிபட்டால் நோய் அவர்களோடு போய்விடுமாம். தேஹாய் கடைக்கு எதிரே, ஆள் நடமாட்டம் மிகுந்த இடமாகப் பார்த்துக் கொட்டுவார். யாராவது ஒதுங்கிப் போனால் பொறுக்காது. “ஓரத்துல வழுக்கும், நடுவுல வாங்க!” என்று வாய்கூசாமல் பொய் சொல்வார்.

போன வாரம், வண்டியில் பன் விற்கும் ஷியாவ்மான் அறுந்த செருப்பை நீட்டினாள். நிறைமாதக்காரி.

“சீக்கிரம் தச்சுக் குடுங்க மாமா, நிக்க முடியல.”

தேஹாய் செருப்பைத் திருப்பினார். அடியில் ஒரு அதிமதுரத் துண்டு அப்பியிருந்தது. அவர் கொட்டிய சக்கைதான். ஊசிமுனையால் அதைப் பெயர்த்தார், தண்ணீர் விட்டுத் தேய்த்தார், மறுபடி தேய்த்தார்.

“என்ன மாமா, செருப்பைக் குளிப்பாட்டுறீங்க?”

செருப்பைத் தைத்து நீட்டினார். அன்று மாலை ருய்சென்னிடம் சொன்னார்.

“இனிமே சக்கையைக் குப்பைத்தொட்டில கொட்டிடு,” என்றாள் அவள்.

“அப்புறம் உன் நோய் எப்படிப் போகும்?”

“வயித்துப் பிள்ளைக்காரி தலையில அதைக் கட்டியா நான் பிழைக்கணும்?”

மறுநாள் காலை அதே இடத்தில்தான் சக்கையைக் கொட்டினார். கையில் துடைப்பமும் முறமும் இருந்தன. சந்துக்குள் பன் வண்டியின் சத்தம் கேட்டது. தேஹாய் துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டுத் தன் செருப்புகளைக் கழற்றினார். பனி உறைந்த கல்மேல் வெறுங்காலோடு இறங்கி, ஒரு துண்டு விடாமல் தானே மிதித்தார்.