அண்ணனுக்குச் சொன்ன பத்தியம்

கல்லூரியில் ஊட்டச்சத்துப் பாடம் நடத்துவது என் வேலை. முனைவர் பட்டம் வாங்கியிருக்கிறேன். கருத்தரங்குகளில் பேசக் கூப்பிடுகிறார்கள். ஆனால் பாளையம்பட்டியில் மளிகைக் கடை வைத்திருக்கும் என் அண்ணன், சாப்பாட்டைப் பற்றி நான் சொன்ன எதையும் காதில் போட்டுக்கொண்டதில்லை.

அவருக்குச் சர்க்கரை வந்து சில வருஷங்களாகிவிட்டன. போன கோடையில் வீட்டுக்குப் போயிருந்தபோது, மாத்திரை அட்டைகள் பிரிக்கப்படாமல் அலமாரியில் கிடந்தன. பக்கத்தில் ஒரு செம்பு நிறைய ஆவாரம்பூக் கசாயம்.

"மாத்திரைய நிப்பாட்டிட்டீகளா அண்ணே?"

"செல்லு வீடியோவுல ஒருத்தரு சொன்னாரு. இதக் குடிச்சா சர்க்கரை அடியோட போயிருமாம்."

"அவரு என்ன படிச்சிருக்காரு?"

"அது தெரியாது. ஆனா வெவரமாப் பேசுறாரு."

இத்தனை வருஷமாக நான் பேசியது என்னவாம் என்று கேட்க வாயெடுத்தேன். அதற்குள் மதினி என்னை அடுப்படிக்குள் இழுத்துப்போய்ச் சொன்னார்: "கால்ல புண்ணு இருக்கு. ஒங்கிட்டச் சொல்லக் கூடாதுன்னுட்டாக."

செருப்பு கடித்த இடம். பெருவிரலுக்கு அடியில் சீழ் கோத்திருந்தது. வலியே இல்லை என்று அண்ணன் பெருமையாகச் சொன்னார். வலி தெரியாததுதான் ஆபத்து என்பதை வகுப்பில் எத்தனையோ முறை நடத்தியவள் நான். கடையைச் சாத்தச் சொல்லி, ஆட்டோ பிடித்து, அருப்புக்கோட்டை ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனேன்.

டாக்டர் புண்ணைச் சுத்தம் செய்து கட்டுப் போட்டார். இன்னும் கொஞ்ச நாள் விட்டிருந்தால் விரலை எடுக்க வேண்டியிருக்கும் என்றார். உணவு ஆலோசகரைப் பார்த்துவிட்டுப் போகும்படி பக்கத்து அறைக்கு அனுப்பினார். அங்கிருந்த பெண் என்னைக் கண்டதும் எழுந்து நின்றாள்.

"மேடம்! நீங்களா?"

என் பழைய மாணவி. அண்ணனை உட்கார வைத்து நிதானமாகச் சொன்னாள். சோற்றைக் குறைத்துக் காய்கறியைக் கூட்ட வேண்டும், மாத்திரையை நீங்களாக நிறுத்தக் கூடாது, தினமும் பாதத்தைப் பார்க்க வேண்டும். எல்லாம் என் வகுப்பில் கேட்டது, என் உதாரணங்களோடு. அண்ணன் கைகட்டி உட்கார்ந்து, "சரிம்மா, சரிம்மா" என்று தலையாட்டினார்.

"எல்லாம் மேடம் சொல்லிக் குடுத்ததுதான் சார்" என்றாள் அவள்.

அண்ணன் என் பக்கம் திரும்பினார். "ஏத்தா, இம்புட்டுத் தெரிஞ்சு வச்சுக்கிட்டு வீட்ல ஒரு வார்த்த சொல்லலையே?"

நான் மருந்துச் சீட்டை எடுத்துக்கொண்டு வெளியே நடந்தேன். இன்னும் ஒரு நிமிஷம் அங்கே இருந்திருந்தால் சத்தம் போட்டிருப்பேன்.

புண் ஆறிவிட்டது, விரல் தப்பியது. மாத்திரையும் தவறாமல் போடுகிறார். கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம் 'ஆஸ்பத்திரிப் பொண்ணு' சொன்னதை ஒப்பிக்கிறாராம். போன வாரம் போனில், "நீயும் குண்டாகிட்டே போற. அந்தப் பொண்ண ஒருதரம் போயிப் பாரு" என்றார்.

"பாக்கேன் அண்ணே" என்று வைத்துவிட்டேன். அவர் நன்றாக இருக்கிறார். ஆனால் ஆத்திரம் மட்டும் இன்னும் அடங்கவில்லை.